மச்சான் அனுப்பிய பாட்டு

குடவாசல்
11.9.2025

மாப்பிள்ளை ரெத்தினம் அவர்களுக்கு வைரக்கண்ணு எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள். நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே அது தெரிந்தது.

இந்த வயதில் என்னைத் தபால் பெட்டி தேட வைத்தது உங்கள் மனைவி, என் தங்கை மங்களாம்பிகைதான். நீங்கள் போனை வைத்த கையோடு அவள் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. உங்க நம்பரை அவரு போன்ல நானே பிளாக் பண்ணி வச்சிட்டேன். சண்டை போடணும்னா தாள்ல எழுதிப் போடுங்க. கை வலிச்சா தானா நிறுத்துவீங்க" என்றாள். சின்ன வயதில் நான் சொன்னால் மறுபேச்சுப் பேசாதவள். தஞ்சாவூர்க் குடித்தனம் அவளை இப்படி ஆக்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வலங்கைமான் கல்யாணத்தில் என்ன நடந்தது? பெண் மண்டபத்துக்குள் நடந்து வருகிறாள். நான் நாயனத்தில் அந்தப் புது மெட்டை எடுக்கிறேன். முதல் வரியில் உங்கள் தவில் எனக்கு ஒரு முழம் பின்னால் வந்தது. இரண்டாவது வரியில் அது எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. மூன்றாவது வரியில் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தீர்கள். வீடியோக்காரன் வேறு எதைப் பிடித்தானோ இல்லையோ, அந்த முறைப்பைத் தெளிவாகப் பிடித்திருக்கிறான். பிறகு பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டீர்கள். வீட்டு மாப்பிள்ளை சாப்பிடாமல் போனதற்கு என் வீட்டில் இன்னும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

இத்தனை வருஷம் சேர்ந்து வாசித்திருக்கிறோம். ஒரு நாளும் நீங்கள் பாடம் பண்ணாமல் வந்ததில்லை. இந்தத் தடவை ஏன்? பாட்டை ஆடி மாதமே அனுப்பிவிட்டேனே. யாரோ இளவட்டப் பையன்கள் புல்லாங்குழலில் வாசித்தது. வேகம் அதிகம், வளைவுகள் காதில் நிற்காமல் ஓடின. என் மகள் வானதிதான் போனில் 'நிதானம்' என்று ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். பாட்டின் வேகத்தை மட்டும் அது குறைக்கும், சுருதி இறங்காது. அதனால் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே நாயனத்தில் கூட வாசித்துப் பழகலாம். மெதுவாக்கி ஒவ்வொரு வளைவாகப் பிடித்தேன், அப்புறம் நிஜ வேகத்துக்கு ஏற்றினேன். அந்த ஆப்பிலிருந்தே உங்களுக்கும் அனுப்பி வைத்தேன். இதைவிட ஒரு மச்சான் என்ன செய்ய முடியும்?

ஐப்பசியில் வானதிக்குக் கல்யாணம். அவள் மண்டபத்தில் நடந்து வரும்போது அதே மெட்டுத்தான் வேண்டுமாம். அவளுக்காகத்தான் அதைக் கற்றேன், வலங்கைமான் எனக்கு ஒத்திகை. நடக்கும்போது அப்பா நாயனமும் மாமா தவிலும், தாலி ஏறும்போது மாமா கையால் கெட்டிமேளம். இதை அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
வைரக்கண்ணு


கரந்தை, தஞ்சாவூர்
17.9.2025

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தும் உங்கள் வாசிப்பு மாதிரியே போகப் போக ஓடுகிறது.

நான் பாடம் பண்ணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தி, "தப்பா நெனக்காதீங்க சார், அந்தப் பாட்டு எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார். அவரைச் சாட்சிக்கு அழைத்து வரவும் தயார். நீங்கள் அனுப்பிய பாட்டுக்காகவே ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். பல் தேய்க்கும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். மங்களம் தோசை திருப்புவதே அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டது.

வலங்கைமானில் நடந்ததை நான் சொல்கிறேன். முன் வரிசையில் மன்னார்குடி நாயன செட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் உங்களுக்கு வேகம் பிடித்துவிட்டது. கும்பகோணம் ரோட்டில் பின்னால் இன்னொரு பஸ்ஸைப் பார்த்த பிரைவேட் பஸ் மாதிரி கிளம்பினீர்கள். தவிலில் அடுக்கடுக்காக நான் கட்டி வைத்திருந்த ஒரு கோர்வைக்கும் இடம் கொடுக்கவில்லை. சபையில் தடுக்கியவன் நான், கைதட்டு வாங்கியவர் நீங்கள். அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சோறு இறங்கும்?

வானதி கல்யாணத்துக்கு நான் எப்படி வரவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். உறவுக்காரனாக என்றால் பத்திரிகைத் தட்டு வரவேண்டும். தவில்காரனாக என்றால் அச்சாரத் தாம்பூலம் வரவேண்டும். கரந்தைக்கு இதுவரை எந்தத் தட்டும் வரவில்லை. மங்களம் வருவாள், அவள் அத்தை. நான் வந்தால் பின் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு வருவேன்.

வேண்டுமென்றே ஓடினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். தவிலை எடுக்கிறேன். வானதிக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரெத்தினம்


குடவாசல்
23.9.2025

மாப்பிள்ளைக்கு,

ஓடினேன் என்று எழுத உட்கார்ந்து பார்த்தேன். பேனா நகரவில்லை, ஏனென்றால் நான் ஓடவில்லை. பாட்டில் என்ன வேகமோ அதே வேகம். மன்னார்குடி செட்டு வந்திருந்ததையே நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நாயனம் வாசிக்கிறவனுக்குப் பாதி நேரம் கண் மூடியிருக்கும். அதுகூட மறந்துவிட்டதா?

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போடுவதாக இருந்தால் வேறு ஏற்பாடு செய்யவேண்டியதுதானே. வலங்கைமான் தவில்காரர் நல்லக்கண்ணுவைக் கூப்பிட்டேன். வானதி போனிலிருந்து அவருக்குப் பாட்டைக் காட்டினோம். வந்தார், கேட்டார், வாசித்தார். மூச்சு விட இடமில்லாத பாட்டு அது, ஆனால் மனிதர் எங்கேயும் தடுமாறவில்லை. டீ குடித்துவிட்டு வயலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். இங்கே வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது, சம்பா நடவுக்கு ஆள்தான் கிடைக்கவில்லை. இதை மங்களத்திடம் சொல்லுங்கள்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நல்லக்கண்ணு போனதும் வானதி, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எந்தக் குரலில் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். மாமா வரமாட்டாரா என்று அவள் கேட்டிருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். கேட்கவே இல்லை. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
30.9.2025

மச்சான் அவர்களுக்கு,

நல்லக்கண்ணு நல்ல கை. எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் தவில் உறையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. மூச்சு விட இடமில்லாத பாட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் ஒரே பாட்டைப் பற்றித்தான் பேசுகிறோமா? என்னிடம் இருக்கும் பாட்டில் முதல் வரி முடிந்ததும் குழல் மேலே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது நிற்கிற நேரத்தில் மங்களம் அடுப்படியிலிருந்து "காபி போடவா?" என்பாள், நான் "போடு" என்பேன், "சக்கரை?" என்பாள், "கொஞ்சமா" என்பேன். அதற்குப் பிறகுதான் குழல் கீழே இறங்கும். அந்த இடத்துக்காகவே ஒரு கோர்வை கட்டினேன். நான் கட்டியதிலேயே நல்லது அது என்று எனக்குத் தோன்றுகிறது. வலங்கைமானில் நான் அதை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் அடுத்த வரியில் பாதி போய்விட்டீர்கள்.

ஒன்று செய்யுங்கள். எனக்கு அனுப்பியதையும் நல்லக்கண்ணுவுக்குக் காட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கோபத்தில் எழுதவில்லை, குழப்பத்தில் எழுதுகிறேன்.

ரெத்தினம்


குடவாசல்
8.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம் என்று எழுத நினைத்தேன். இங்கே ஒரு தூறல்கூட இல்லை என்று வானதி அத்தைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவாள்.

நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். உங்களுக்கு அனுப்பிய பாட்டை என் போனில் வைத்தேன், நல்லக்கண்ணுவுக்குக் காட்டியதை வானதி போனில் வைத்தேன். இரண்டையும் கூடத்து மேஜையில் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேன். முதல் வரி முடிவதற்குள் வானதி போன் கிளம்பிப் போய்விட்டது. அது பாடி முடித்து அடங்கிய பிறகும் என் போன் அசையாமல் அந்த ஸ்வரங்களைப் பிடித்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தது. "அப்பா, மெதுவாக்கி வச்ச பாட்டையே மாமாவுக்கு அனுப்பியிருக்கீங்க. அவரு அதுதான் பாட்டுன்னு நெனச்சுட்டாரு" என்று சொல்லி வானதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இன்னும் நிறுத்தவில்லை. சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிட்டாள்.

எந்த வேகத்தில் விட்டோமோ அதே வேகத்தில் பாட்டைச் சேமித்துக் கொடுக்குமாம் அந்த ஆப். டேப்பாக இருந்தால் மெதுவாக்கியதுமே குழல் எருமை கத்துகிற மாதிரி ஆகியிருக்கும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். இதில் சுருதி மாறாது என்பதுதானே பெருமை. குழல் குழலாகவே கேட்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. நெட்டில் ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று வானதி சொல்கிறாள். மச்சான் அனுப்பியதை மாப்பிள்ளை சரிபார்க்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

முதலில் அந்த ஆப்பைச் செய்தவர்களைத் திட்டினேன். அப்புறம் அதைப் போட்டுக் கொடுத்த வானதியைத் திட்டினேன். அப்புறம் பார்த்தால் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். தப்பு என்னுடையது, மாப்பிள்ளை. சபையில் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டு, பாடம் பண்ணவில்லை என்று வேறு எழுதினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வலங்கைமான் கல்யாண வீட்டுக்கு நேரில் போய், தடுக்கியது தவில் இல்லை, நான் அனுப்பிய பாட்டு என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர், "அப்படியா? எங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே. அது அப்படித்தான் வாசிப்பாங்கன்னு நெனச்சோம்" என்றார். நாம் இரண்டு பேரும் இத்தனை நாள் யாருக்காகச் சண்டை போட்டோம் என்று தெரியவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் வருகிறேன். பத்திரிகைத் தட்டும் வரும், அச்சாரத் தட்டும் வரும்.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
16.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் வந்து போனதில் மங்களத்துக்கு ஏக சந்தோஷம். பத்திரிகைத் தட்டை வாங்கிக்கொண்டேன், அச்சாரத் தட்டை மட்டும் அலமாரிமேல் வைத்துவிட்டு, "எழுதுறேன் மச்சான்" என்றேன். உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மங்களத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கெட்டிமேளம் என் கைதான். அதில் மாற்றமில்லை. வானதி நடந்து வரும் மெட்டுக்கு மட்டும் நல்லக்கண்ணுவையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜ வேகத்தில் பாட்டைக் கேட்டேன், வாசித்தும் பார்த்தேன். கை போகிறது. ஆனால் என் கோர்வைக்கு அதில் இடமில்லை. அதை எடுத்துவிட்டு வெறுமனே கூட ஓடவேண்டியிருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பாட்டோடு வேறு மாதிரி குடித்தனம் நடத்திவிட்டேன். என் மனசில் அதுதான் பாட்டு, மற்றது யாரோ அவசரத்தில் வாசித்தது. பாதி வரியில் கை தானாகப் பழைய நடைக்குத் திரும்பிவிடுகிறது. வலங்கைமானில் தடுக்கியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது, சரி. வானதி நடந்து வரும்போது தடுக்கினால் எந்தக் காரணம் சொன்னாலும் எனக்கு ஆறாது. பயமாக இருக்கிறது, மச்சான்.

பழைய வேகத்தில் நான் வாசித்ததை மங்களம் போனில் ரெக்கார்டு பண்ணி வைத்திருக்கிறாள். உங்களுக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

ரெத்தினம்


குடவாசல்
21.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வந்து சேர்ந்தது. நீங்கள் அந்தக் கடிதம் எழுதிய அன்று காலையிலேயே வந்துவிட்டது.

வயலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடி கேட்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்து குழல் மேலே நிற்கிறது. அடியில் உங்கள் தவில் மெல்ல ஆரம்பித்து, தயங்கி, சுற்றி வந்து, சரியாகக் குழல் இறங்குகிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளே வானதி கேட்டுக்கொண்டே நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அப்பா, நான் இதுக்குத்தான் நடப்பேன்" என்றாள்.

அதனால் உங்கள் வேகத்திலேயே வாசிக்கப் போகிறோம். நிஜ வேகம், பொய் வேகம் என்ன இருக்கிறது? அந்தப் பையன்கள் வாசித்தது அவர்கள் வேகம். நம் வீட்டுப் பெண் நடப்பது நம் வேகம்.

கஷ்டம் எனக்குத்தான். குழலுக்கு ஆப் மூச்சுக் கொடுத்துவிட்டது, என் நாயனத்துக்கு யார் கொடுப்பார்கள்? அந்த மேல் ஸ்வரத்தை நீங்கள் கோர்வையை முடிக்கும்வரை பிடிக்க வேண்டும். முதல் நாள் பாதியிலேயே முகம் சிவந்து இருமல் வந்துவிட்டது. டாக்டரிடம் போகச் சொல்லி வீட்டில் ஒரே ரகளை. இப்போது வாய்க்கால் கரையில் போய் நின்று பழகுகிறேன். நடவுக்கு வந்த பெண்கள், "ஐயா, அந்த ஒரு சத்தத்தை விட்டா வேற வராதா?" என்று கேட்கிறார்கள். உங்கள் எதிர் வீட்டு அம்மாவையும் இவர்களையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும்.

நல்லக்கண்ணுவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. இரண்டாவது தவிலாக வந்து அந்தக் கோர்வையைப் பக்கத்தில் இருந்து கேட்கிறேன் என்றார். தடுக்கினால் மூன்று பேரும் சேர்ந்து தடுக்கலாம்.

அலமாரிமேல் இருக்கும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை.

வைரக்கண்ணு


தஞ்சாவூர்
25.10.2025

மச்சானுக்கு,

எடுத்துக்கொண்டேன். வெற்றிலை காய்ந்துவிட்டது, பரவாயில்லை.

அந்த ஸ்வரத்தில் உங்களுக்கு மூச்சு முட்டினால் கண்ணைக் காட்டுங்கள். கோர்வையைச் சுருக்கி முடித்துவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்காதீர்கள்.

ரெத்தினம்


குடவாசல்
12.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மங்களம் என் நம்பரைத் திறந்துவிட்டாள், தெரியும். போனிலேயே சொல்லலாம். சொன்னால் குரல் கம்மிவிடும், நீங்கள் அதை ஊர் முழுக்கச் சொல்லிக் கேலி பண்ணுவீர்கள். அதனால் தாள்தான்.

வானதியும் மருமகனும் நேற்று ஊருக்குப் புறப்பட்டுப் போனார்கள். விருந்தாட்களும் போய்விட்டார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். கெட்டிமேளத்தைப் பற்றிச் சம்பந்தி வீட்டார் சொன்னதையெல்லாம் மங்களம் உங்களிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருப்பாள். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

மண்டபம் சின்னது. பையன்கள் வேகத்தில் வாசித்திருந்தால் இரண்டாவது வரியில் மணவறைக்கு வந்திருப்பாள். நம் வேகத்துக்கு அவள் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். முதல் வரி முடிந்து நான் மேல் ஸ்வரத்தைப் பிடித்தேன், நீங்கள் கோர்வையை ஆரம்பித்தீர்கள். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். நிற்கச் சொல்லி யாரும் பேசி வைக்கவில்லை. மண்டபத்து நடுவில் மாலையோடு நின்று என்னையே பார்த்தாள். நான் ஸ்வரத்தை விட்டால் அவள் நடந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. மணவறை ஏறிவிட்டால் அப்புறம் அவள் அவர்கள் வீட்டுப் பெண். மூச்சு அடியோடு தீர்ந்துவிட்டது. இருந்தும் விடவில்லை.

கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தீர்கள். நான் காட்டினேன். சுருக்கி முடிப்பதற்காகக் காட்டவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? முடிக்க வேண்டிய இடத்துக்கு வந்து, முடிக்காமல், அந்தக் கோர்வையை முதலிலிருந்து இன்னொரு தடவை எடுத்தீர்கள். நல்லக்கண்ணு திகைத்துப்போய் உங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து மூச்சு வந்தது என்று தெரியவில்லை, வந்தது. அந்தச் சுற்று முடியும்வரை வானதி அதே இடத்தில் நின்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு நான் ஸ்வரத்தை இறக்கினேன், அவள் நடந்தாள்.

மாப்பிள்ளைக்கு மச்சான் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. நான் சொல்கிறேன். அவ்வளவு மெதுவாக வாசித்தும் எனக்குப் போதவில்லை.

வைரக்கண்ணு